ஊசி உடைஞ்சா கையெழுத்து யாரு போடுறது? பன்னெண்டாவது காமர்ஸ் பாடம் பத்தி ஒரு அம்மாவோட கடிதம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில இருந்து எழுதுறேன். இந்தப் பக்கத்துல ஒரு எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸ் கம்பெனியில லைன் சூப்பர்வைசரா இருக்கேன், முதல்ல ஹெல்பரா சேர்ந்து, நூல் வெட்டி, அப்புறம் மெஷின்ல உக்காந்து, அப்புறம் சூப்பர்வைசர் ஆனேன், மொத்தம் 17 வருஷம் ஆச்சு. எம்பொண்ணு பன்னெண்டாவது காமர்ஸ் குரூப். அவ பாடத்த பத்திதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, முடிஞ்சா அப்படியே போடுங்க.

நைட்டு நான் ஷிப்ட் முடிச்சு வந்து சோறு வடிக்கும்போது அவ மொட்டை மாடிப் படியில உக்காந்து ஒப்பிச்சிட்டு இருப்பா. ஹென்றி ஃபேயோல்ங்கிற பிரான்ஸ்காரரோட 14 மேலாண்மை தத்துவங்கள். வேலைப் பகிர்வு, அதிகாரமும் பொறுப்பும், ஒழுக்கம், ஒரே ஆளோட கட்டளைன்னு வரிசையா போவா, எட்டாவதுலயோ ஒம்போதாவதுலயோ தடுக்கும், உடனே மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பா. 14ம் வரிசை மாறாம வரணும்னு நோட்டோட கடைசிப் பக்கத்துல முதல் எழுத்த மட்டும் எடுத்து ஒரு வார்த்தை மாதிரி கட்டி வச்சிருக்கா. அஞ்சு மார்க் கொஸ்டின், கண்டிப்பா வரும்னு சொல்றா.

ஒரு நாள் குழம்ப கிண்டிகிட்டே கேட்டேன், "இந்த ஒரே ஆளோட கட்டளைன்னா என்னடி?"ன்னு. புக்குல இருக்குற வரிய அப்படியே சொன்னா, ஒரு பணியாளர் ஒரே ஒரு மேலதிகாரியிடம் இருந்து மட்டுமே ஆணை பெற வேண்டும்னு. சரி அப்படி இல்லாம போனா என்ன ஆகும், எங்கயாவது பாத்திருக்கியான்னு கேட்டேன். "அம்மா, அதெல்லாம் கேக்க மாட்டாங்க, விளக்குகன்னுதான் கேப்பாங்க"ன்னு சொல்லிட்டு மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிட்டா. எனக்கு அன்னிக்கு மனசே ஆறல. ஏன்னா அவ அம்மா தினம் காலைல எட்டரை மணிக்கு போய் பண்றதே இந்த 14ம்தான், அவளுக்கு அது தெரியவே இல்ல, எனக்கும் அதுவரைக்கும் தெரியாது.

அப்புறம் பேரண்ட்ஸ் மீட்டிங்ல அவளோட காமர்ஸ் மிஸ்கிட்ட பேசினேன். நல்ல மிஸ், அவங்கள நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவங்கதான் எனக்கு அந்தக் குதிரை கதைய சொன்னாங்க. ஃபேயோல் ஒண்ணும் காலேஜுல உக்காந்து யோசிச்சு எழுதுன ஆளு இல்லையாம், 1860ல 19 வயசுல பிரான்ஸ்ல கமான்ட்ரிங்கிற ஊர்ல நிலக்கரி சுரங்கத்துல இன்ஜினியரா வேலைக்கு சேர்ந்தவரு. சேர்ந்து கொஞ்ச நாள்லயே சுரங்கத்துக்குள்ள வண்டி இழுக்குற ஒரு குதிரைக்கு கால் உடைஞ்சு போச்சு. இவரு வேற குதிரை குடுங்கன்னு சீட்டு எழுதி லாயத்துக்கு அனுப்புறாரு, லாயத்துக்காரர் முடியாதுன்னுட்டாரு, டைரக்டர் கையெழுத்து இல்ல. டைரக்டர் ஊர்ல இல்ல. அவருக்கு பதிலா யாரு கையெழுத்து போடலாம்னு யாரையும் சொல்லிட்டும் போகல. வேற குதிரை லாயத்துல நின்னுட்டு இருக்கு, உள்ள வேலை நிக்குது. அந்த நாள்லதான் அவரு எழுதி வச்சாராம், அதிகாரம்னு ஒண்ணு இருந்தா அது எந்நேரமும் அந்த இடத்துல யாராவது ஒருத்தர் கையில இருக்கணும்னு.

இத கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு ஐயா. ஏன்னா இதே கதை எங்க ஃப்ளோர்ல நடந்துச்சு, குதிரைக்கு பதிலா ஊசி.

வெளியாளுங்களுக்கு இது புரியணும்னா கொஞ்சம் சொல்லணும். எக்ஸ்போர்ட் கம்பெனியில மெஷின் ஊசி உடைஞ்சா சும்மா வேற ஊசி மாட்டிட முடியாது. உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் தேடி எடுத்து, ஊசி ரெஜிஸ்டர்ல செல்லோ டேப் போட்டு ஒட்டி, தேதி, டைம், மெஷின் நம்பர், டெய்லர் பேரு எழுதி, கையெழுத்து வாங்கி குடுத்தாதான் புது ஊசி. ஒரு சின்ன முனை காணலைன்னாலும் அந்த மெஷின சுத்தி இருக்குற பீஸ் மொத்தமும் மெட்டல் டிடெக்டர்ல போகணும், ஏன்னா அந்தத் துணிய எங்கயோ ஒரு நாட்டுல ஒரு குழந்தை போடும், உள்ள ஊசி இருந்தா குத்தும். அந்த ரூல் ரொம்ப சரியான ரூல், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா எங்க இடத்துல ஊசி பெட்டி சாவி ஒரே ஆள்கிட்ட. அந்தக்கா ஒரு நாள் அவசரமா ஆஸ்பத்திரிக்கு போயிட்டாங்க, சாவிய பீரோவுல வச்சு பூட்டிட்டு. காலர் அட்டாச் பண்ற பொண்ணுக்கு பத்து மணிக்கு ஊசி போச்சு. மூணு துண்டையும் எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு என் முன்னாடி நிக்குது. எல்லாம் இருக்கு, ரெஜிஸ்டர் இருக்கு, டேப் இருக்கு, ஊசி உள்ள இருக்கு, கையெழுத்து போட ஆள் இல்ல. நான் போடுறேன்னா உனக்கு அந்த அதிகாரம் இல்லன்னாங்க. காலர் நின்னா அடுத்து கை மாட்டுறவங்க நிப்பாங்க, அவங்க நின்னா சைடு ஜாயிண்ட் நிக்கும், கால் மணி நேரத்துல பாதி லைன் சும்மா உக்காந்துச்சு. மதியம் வரைக்கும் அதே கதி. சாயங்காலம் டார்கெட் ஏன் வரலைன்னு திட்டு வாங்குனது யாருன்னா நானும் அந்தப் பொண்ணும்தான். பொறுப்பு எங்க தலையில, அதிகாரம் பீரோவுக்குள்ள. எம்பொண்ணு ஒப்பிக்கிற ரெண்டாவது தத்துவம் இதுதான்.

இத அன்னிக்கு நைட்டு அவகிட்ட சொன்னேன், குதிரையும் சொன்னேன், ஊசியும் சொன்னேன். அவ நோட்ட மூடி வச்சிட்டு கேட்டா, "அப்ப அந்த சாவி ரெண்டு பேர்கிட்ட இருந்தா ரூலும் கெடாது, வேலையும் நிக்காதுல்லம்மா?"ன்னு. இத்தன நாள் படிச்சதுல அவ முதல் முறையா கேட்ட கேள்வி அது. கம்பெனிக்காரங்களுக்கு அத யோசிக்க எத்தன மாசம் ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

மிஸ்கிட்ட நான் கேட்டேன், இந்தக் கதைய ஏன் மிஸ் கிளாஸ்ல சொல்லலைன்னு. சொல்லலாம்மா, ஆனா போர்ஷன் முடிக்கணும், அப்புறம் கதைய எழுதுனா மார்க் எங்க வரும், 14 தலைப்பு இருக்கான்னுதான் பாப்பாங்கன்னாங்க. 90 மார்க் பேப்பர், அதுல 20 ஒரு மார்க், 7 ரெண்டு மார்க், 7 மூணு மார்க், 7 அஞ்சு மார்க், மீதி 10 இன்டர்னல். கொஸ்டின் எப்படியோ அப்படித்தான் படிப்பு, அது அவங்க தப்பு இல்ல.

அதனால கொஸ்டின் பேப்பர் எடுக்குறவங்களுக்குத்தான் நான் சொல்றேன். ஃபேயோலோட 14 தத்துவங்களை விளக்குகன்னு கேக்காதீங்க. ஒரு ஃபேக்டரியில இப்படி நடந்துச்சு, எந்த தத்துவம் மீறப்பட்டுச்சு, நீ அங்க இருந்தா என்ன பண்ணுவன்னு கேளுங்க. மத்த போர்டு புள்ளைங்களுக்கு அந்த மாதிரி கேஸ் குடுத்து கேக்குறாங்கன்னு மிஸ்ஸே சொன்னாங்க. அப்ப நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் ஏன் மனப்பாடம்? நம்ம புள்ளைங்கதான் வேலை நடக்குற இடத்துக்கு நடுவுலயே பொறந்து வளர்றாங்க. எம்பொண்ணு கிளாஸ்ல ஒரு பையனோட அப்பா காசிமேட்டுல மீன்பிடி போட்டுக்கு போறவரு, இன்னொரு பொண்ணோட அம்மா எம்.சி. ரோடு துணிக்கடையில, ஒருத்தன் வியாசர்பாடியில லேத் பட்டறையில லீவு நாள்ல வேலை பாக்குறான். இவங்க வீட்டுல மேலாண்மை தினம் சோத்தோட சேர்ந்து பேசுற விஷயம், பேரு மட்டும் தெரியாது.

காசிமேட்டையே எடுத்துக்கோங்க. என் வீட்டுக்காரரோட தம்பி விசைப்படகுல போறவரு, ஒரு தடவ கடலுக்குப் போனா ஒரு வாரம் பத்து நாள் ஆகும். படகு ஓனர் கரையில இருப்பாரு, பணம் அவரோடது, டீசல் ஐஸ் எல்லாம் அவரு போட்டதுதான், ஆனா கடலுக்குள்ள வலைய எங்க விடணும், எப்ப இழுக்கணும்னு டிரைவர் ஒருத்தர் சொல்றதுதான். அங்க ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா உசுருக்கே ஆபத்து, அதனால எவனும் எதிர்த்துப் பேச மாட்டான், கரைக்கு வந்தப்புறம் சண்ட போடுவான். அதே டிரைவர் கரையில ஏலம் போடுற இடத்துல வாய தொறக்க மாட்டாரு, அது வேற ஆளோட வேலை. வேலைப் பகிர்வு, ஒரே கட்டளை ரெண்டும் முடிஞ்சுதா? கூலியும் பாருங்க, டீசல், ஐஸ், சாப்பாட்டு செலவு எல்லாம் கழிச்சிட்டு மிச்சத்துல பங்கு, மீன் வந்தா எல்லாருக்கும் வரும், இல்லன்னா எல்லாருக்கும் இல்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்ப அந்த ஆளுங்கள எப்படி கையில வச்சுக்கிறது, முன்பணம் குடுத்தா அடுத்த சீசனுக்கு வருவாங்களான்னு ஓனருங்க தலைய பிச்சுக்குவாங்க, ஃபேயோல் 12வதா சொன்ன பணியாளர் நிலைப்புத்தன்மை அதுதான்.

இன்னொண்ணு, ஏணி முறைன்னு ஒண்ணு இருக்கு, ஆணை மேல இருந்து படிப்படியா கீழ வரணும், சேதி கீழ இருந்து படிப்படியா மேல போகணும். ஆனா அவசரத்துக்கு ஒரே மட்டத்துல இருக்குற ரெண்டு பேரு, மேல இருக்குறவங்களுக்கு தெரியப்படுத்திட்டு நேரா பேசிக்கலாம்னு ஃபேயோலே ஒரு வழி வச்சிருக்காரு, அதுக்கு கேங் பிளாங்க்னு பேரு. எம்பொண்ணுக்கு அதோட படம் மட்டும் தெரியும், முக்கோணம் மாதிரி எழுத்துங்க, நடுவுல ஒரு கோடு. கேங் பிளாங்க்னா கப்பலுக்கு போட்டு நடக்குற பலகை. காசிமேட்டுல போட்டுங்க பக்கத்து பக்கத்துல கட்டி நிக்கும்ல, கரைக்குப் போய் சுத்தி வராம ஒரு போட்டுல இருந்து இன்னொரு போட்டுக்கு தாண்டிப் போவாங்களே, அதுதாண்டி இதுன்னு சொன்னேன், அப்புறம் அவ அத மறக்கவே இல்ல. எங்க ஃப்ளோர்லயும் கட்டிங் செக்ஷன்ல சைஸ் மாத்தி பண்டில் போட்டுட்டா நான் நேரா கட்டிங் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டுட்டு அப்புறம் மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன், மேல ஏறி கீழ எறங்கி வர்றதுக்குள்ள 200 பீஸ் தப்பா தச்சு முடிஞ்சிருக்கும்.

ரெண்டு பேரு கட்டளைக்கு வர்றேன், அது என் வயித்தெரிச்சல். ஒரு ஷிப்மெண்ட் சமயத்துல புரொடக்ஷன் மேனேஜர் வந்து ராத்திரிக்குள்ள எல்லா பீஸும் பேக்கிங் போகணும்னுட்டு போறாரு, பத்து நிமிஷத்துல குவாலிட்டில இருந்து ஒருத்தர் வந்து காலர் பாயிண்ட் சரியில்ல மொத்தத்தையும் பிரிங்கன்றாரு. ரெண்டு பேருமே எனக்கு மேல. நான் பாதி லைன பிரிக்கவும் பாதி லைன தைக்கவும் விட்டேன், வேற என்ன பண்றது, பிரிச்ச பீஸும் பிரிக்காத பீஸும் கலந்து போச்சு, மறுநாள் ஞாயித்துக்கிழமை வந்து ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தோம். ஒரு டெய்லர் பொண்ணு அன்னிக்கு அவ புள்ளைக்கு காது குத்து வச்சிருந்தா. அது எந்த ரெஜிஸ்டர்லயும் வராது.

அடுத்து அதே பாடத்துல வர்ற இன்னொரு பெரியவரு, அறிவியல் மேலாண்மைய சொன்ன ஃபிரடெரிக் டெய்லர். பேரு டெய்லர்னாலும் தையலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல, அமெரிக்காவுல இரும்பு கம்பெனிங்கள்ல இருந்தவரு. அவரு பாடத்த படிச்சப்போ எனக்கு ரெண்டு மனசா இருந்துச்சு. எங்க ஃப்ளோர்ல ஐ.ஈ.ன்னு, அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்னு ஒரு தம்பி இருக்கு, கையில ஸ்டாப்வாட்சோட தைக்கிறவங்க பின்னாடி நின்னு, பாக்கெட் வைக்க எத்தன செகண்ட், எடுத்து வைக்க எத்தன செகண்ட்னு குறிச்சுக்கும், அத வச்சுத்தான் மணிக்கு இத்தன பீஸ்னு போர்டுல எழுதுவாங்க. அந்த ஸ்டாப்வாட்ச ஃபேக்டரிக்குள்ள கொண்டாந்த ஆளு இவருதான்னு எம்பொண்ணுக்கு தெரியாது, ஐ.ஈ. தம்பிக்கு தெரியுமோ என்னவோ. நல்லதும் இருக்கு, அந்தத் தம்பி பார்த்துச் சொல்லித்தான் ஒரு பொண்ணு பண்டில எடுக்க ஒவ்வொரு தடவையும் முதுகு வளைச்சு குனியறத நிறுத்துனோம், பக்கத்துலயே ஒரு ஸ்டாண்டு வச்சோம், அவளுக்கு இடுப்பு வலி குறைஞ்சுது, பீஸும் கூடுச்சு. ஆனா கணக்கு பாருங்க. டெய்லர் அவரே சொன்ன கணக்கு, ஒவ்வொண்ணும் 42 கிலோ கிட்ட வர்ற இரும்புப் பாளம் தூக்குற ஆளு முன்ன ஒரு நாளைக்கு பன்னெண்டரை டன் ஏத்துனாரு, இவரு முறைப்படி செஞ்சப்புறம் நாப்பத்தேழரை டன். கூலி 1.15 டாலர்ல இருந்து 1.85 டாலர். வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ரெண்டு மடங்கு கூட இல்ல. இது சரியா தப்பான்னு புள்ளைங்கள பேச விடணும். 1911ல அமெரிக்காவுல வாட்டர்டவுன்ங்கிற இடத்துல அரசாங்க ஆயுத ஃபேக்டரியில ஸ்டாப்வாட்சுக்கு எதிரா தொழிலாளிங்க வேலைய நிறுத்தினாங்க, அப்புறம் அந்த நாட்டுப் பாராளுமன்றக் கமிட்டி முன்னாடி டெய்லரே போய் பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. அத சேத்து சொல்லாம அவரோட தத்துவத்த மட்டும் எழுத வச்சா பாடம் பாதிதான்.

இதுக்கு அமெரிக்கா வரைக்கும் கூட போக வேணாம். ஃபேயோல் தன்னோட 14ஐ அச்சுல கொண்டாந்தது 1916ல. ரெண்டே வருஷத்துல, 1918 ஏப்ரல் 27, இதே வட சென்னையில பெரம்பூர்ல பி அண்ட் சி துணி மில் தொழிலாளிங்களுக்காக சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க, வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். எங்க தாத்தா பின்னாடி அந்த மில்லுல நெசவுல இருந்தவரு, மதியம் சாப்பிட நேரம் பத்தாம கையில சோத்து உருண்டையோட ஓடுன கதையெல்லாம் அவரு அப்பா சொல்லி இவரு எங்களுக்கு சொல்லுவாரு. சமநீதி, நியாயமான ஊதியம்னு ஃபேயோல் எழுதுன காலத்துல இங்க அது இல்லாமதான் சங்கமே பொறந்துச்சு. பெரம்பூர்ல இருந்து பஸ்ல வர்ற புள்ளைங்களுக்கு இந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல வச்சு சொன்னா மறக்குமா?

ஒரு சின்ன கணக்கும் சொல்லிடுறேன், இது என்னை ரொம்ப நாள் தூங்க விடல. கிராய்குனாஸ்னு ஒருத்தர் 1933ல போட்டது. ஒரு அதிகாரிக்கு கீழ 5 பேரு இருந்தா அவரு கவனிக்க வேண்டிய உறவுங்க 100, ஆளுக்கு ஆளு, குழுவுக்கு குழு எல்லாம் சேத்து. ஆறாவதா ஒரே ஒரு ஆள் வந்தா அது 222 ஆயிடும். என் லைன்ல 38 மெஷின், ஹெல்பருங்க தனி. யாரு யாரோட பேசல, யாரு பக்கத்துல யார உக்கார வச்சா பீஸ் நகராதுன்னு நான் காலைல பஸ்ஸுல வரும்போதே யோசிச்சிட்டு வர்றது ஏன்னு எனக்கு இப்பதான் புரியுது. புதுசா வர்ற சூப்பர்வைசர் பொண்ணுங்களுக்கு கம்பெனி ஒரு நாள் கூட டிரெயினிங் குடுக்கறதில்ல, நேத்து வரைக்கும் தச்சவள இன்னிக்கு 38 பேர மேய்க்கச் சொல்றாங்க. அந்தப் பொண்ணு பன்னெண்டாவதுல காமர்ஸ் படிச்சவளா கூட இருப்பா, ஆனா படிச்சது இதுதான்னு அவளுக்கு தெரியாது.

முன்முயற்சின்னு 13வதா ஒண்ணு வருது. எங்க லைன்ல ஒரு ஹெல்பர் பொண்ணு, பத்தாவது ஃபெயிலு, அதுதான் ஒரு நாள் சொல்லுச்சு, அக்கா சைஸுக்கு ஒரு கலர் கயிறு போட்டு பண்டில் கட்டலாம்ல, ஸ்டிக்கர் விழுந்துடுதேன்னு. மீடியத்துக்கு மஞ்சள், லார்ஜுக்கு சிவப்புன்னு வெட்டிப் போட்ட பழைய டேப்பையே கட்ட ஆரம்பிச்சோம், சைஸ் மாறுறது பெரும்பாலும் நின்னு போச்சு. அத கேக்க ஒருத்தர் காது குடுத்தாதான் அந்தத் தத்துவம் நடக்கும்.

கல்வித் துறைக்கு நான் கேக்குறது இதுதான். 12ம் வகுப்பு வணிகவியல் பேப்பர்ல அஞ்சு மார்க்குல ரெண்டு கேள்வியாவது, நடந்த மாதிரி ஒரு சம்பவம் குடுத்து கேளுங்க. இன்டர்னல் 10 மார்க்குல அசைன்மெண்டுக்குன்னு இருக்குற மார்க்குக்கு புக்க பாத்து எழுதுறதுக்கு பதிலா, வீட்டுல வேலைக்குப் போற ஒருத்தர்கிட்ட உக்காந்து அவங்க வேலை எங்க எதனால நிக்குதுன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க, காசு செலவே இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ பட்டறையோ துறைமுகமோ கடையோ, அரை நாள் கூட்டிட்டுப் போங்க. இல்ல எங்கள மாதிரி ஆளுங்கள ஸ்கூலுக்கு கூப்பிடுங்க, நான் ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வர்றேன், ஊசி ரெஜிஸ்டர் மாதிரியே ஒரு நோட்டு போட்டு எடுத்துட்டு வந்து காட்டுறேன். எங்க ஏரியாவுல எந்த ஸ்கூல்ல கூப்பிட்டாலும் சரி, ஞாயித்துக்கிழமை தவிர எந்த நாளா இருந்தாலும் ஒரு வாரம் முன்னாடி சொன்னா போதும், லைன பாத்துக்க என்கூட இருக்குற பொண்ணுகிட்ட சொல்லிட்டு, கையெழுத்து போடுற அதிகாரத்தையும் எழுத்துல வாங்கிக் குடுத்துட்டு வந்துடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.